கள்ளுக்கடை மனையில் பிரசவ விடுதி

ஓசூர்ப் பிரசவ விடுதிக்கு நர்சாக என்னை மாற்றியபோது, கடைவீதிக்கு நடுவே புதுக் கட்டடம், கொடுத்து வைத்தவள் என்று சேலத்தில் எல்லாரும் சொன்னார்கள். வந்து மாதங்கள் போயும் ஒரு பிரசவம்கூடப் பார்க்கவில்லை. கட்டில்கள் காலி. நானும் ஆயா ஹமீதுன்னிசாவும் ஈ ஓட்டலாம் என்றால் அந்த ஈயும் வரவில்லை.

அந்த மனை முன்பு கள்ளுக்கடை. மதுவிலக்கு வந்து கடையை மூடியதும், ஊர் நடுவே அவ்வளவு இடமும் எருக்கு முளைத்துக் கழுதை மேயக் கிடந்ததாம். பஞ்சாயத்துத் தலைவர் கங்கப்பன்தான் அலையாய் அலைந்து அங்கே பிரசவ விடுதியைக் கொண்டுவந்தார். அதற்காக அவரைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் கள்ளுக்கடையில் போயா பிள்ளை பெறுவது என்று பெண்கள் ஒதுங்கிவிட்டார்கள்.

என்னால் சும்மா உட்கார முடியாது. வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடந்துகொண்டே இருப்பேன். தரை தேய்கிறது, உட்காருங்கம்மா என்பாள் ஆயா. பக்கத்துத் தெருவில் ஒருத்தி வீட்டிலேயே பெற்று, உதிரம் நிற்காமல் செத்துப்போனாள். கூப்பிடு தூரத்தில் நான் இருந்தேன். யாரும் கூப்பிடவில்லை. அன்று எனக்கு வந்த ஆத்திரத்தில், ஒரு பாவமும் அறியாத ஆயாமேல் எரிந்து விழுந்தேன்.

போதாக்குறைக்குப் பார்வையிட வந்த அதிகாரி, தை பிறப்பதற்குள் ஒரு பிரசவமாவது நடக்காவிட்டால் இதைத் தானியக் கிடங்காக்கிவிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

தீட்டுக்குப் பயப்படுகிறார்கள் என்று நானே முடிவு கட்டினேன். சுவருக்கு மறுபடி சுண்ணாம்பு அடிக்கச் சொன்னேன். ஐயரைக் கூப்பிட்டு ஹோமம் வளர்த்தேன். ஆயா தன் பங்குக்கு மூலை முடுக்கெல்லாம் சாம்பிராணி போட்டாள். ஒருத்தியும் அசையவில்லை.

அப்போது கங்கப்பனின் மகள் ருக்மணி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். தலைவர் வீட்டுப் பெண் வந்தால் ஊரே வரும் என்று நம்பிப் போனேன். பெங்களூருக்குக் கார் பேசியாகிவிட்டது என்று அவர் தலையைச் சொறிந்தார். அவர் மனைவி சரசம்மா மோர் கொடுத்தாள், பதில் கொடுக்கவில்லை. திரும்பும் வழியெல்லாம் அந்த மனிதரை மனத்துக்குள் திட்டித் தீர்த்தேன்.

மார்கழிக் கடைசியில் ஒருநாள் காலை, ருக்மணிக்கு நாள் முந்தியே வலி எடுத்துவிட்டது. கார் வந்து சேரவில்லை. வேறு வழியில்லாமல் மாட்டுவண்டியில் எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்தார்கள். நானும் ஆயாவும் ஓடிப்போய் அவளைத் தாங்கி இறக்கி உள்ளே படுக்க வைத்தோம். சரசம்மா மட்டும் கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டாள். என்ன நிக்கிற, உள்ள போ என்று கங்கப்பன் அதட்டுவது கேட்டு நான் திரும்பி வந்தேன்.

சரசம்மா அவரைப் பார்க்கவில்லை. என்னிடம்தான் பேசினாள்.

"கள்ளுக்கடை இருந்தப்ப இந்தக் கேட்டுக்குள்ள பொம்பளைங்க வரக்கூடாதுன்னு வெச்சிருந்தாங்க நர்சம்மா. பொழுது சாஞ்சா இங்கதான் வந்து நிப்பேன். இவரு எப்ப வருவாரு, எந்த மூஞ்சியோட வருவாருன்னு. ருக்மணி வவுத்துல இருந்தப்பவும் நின்னேன். நான் மட்டுமா, இந்தத் தெருப் பொம்பளைங்க எல்லாரும் நின்னோம்."

கங்கப்பன் மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை நாள் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேனே தவிர, ஒருத்தியிடமும் ஏன் வரவில்லை என்று உட்கார்ந்து கேட்கவில்லை.

உள்ளே ருக்மணி அலறினாள். சரசம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கேட்டுக்குள் காலை வைத்தாள். பின்னாலேயே வந்த கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க வராதீங்க. அங்கயே நில்லுங்க."

நின்றார். பஞ்சாயத்துத் தலைவர் வெயிலில் நிற்கும் செய்தி தெருவுக்குத் தெரிய எவ்வளவு நேரமாகும். முதலில் கதவிடுக்குகளில் முகங்கள் தெரிந்தன. பிறகு ஒவ்வொருத்தியாக அவரைக் கடந்து உள்ளே வந்தார்கள். மாசமாக இருந்த ஒருத்தி காலிக் கட்டிலில் உட்கார்ந்து மெத்தையை அமுக்கிப் பார்த்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

உச்சிப்பொழுதில் குழந்தை வீறிட்டது. பெண். கங்கப்பன் கேட்டைப் பிடித்துக்கொண்டு என்ன குழந்தை என்று குரல் கொடுத்தார். சொல்லப் போன ஆயாவின் கையைச் சரசம்மா பிடித்து நிறுத்தினாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் நிக்கட்டும்" என்றாள்.