நீராவி நுழையாத இடம்

மருத்துவமனையில் என் பெயர் அல்லேலூயா. பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. அது அடையாள அட்டையில் சும்மா தூங்குகிறது. கிண்டலுக்கு வைத்த பெயர்தான், ஆனாலும் கூப்பிட்டால் சந்தோஷமாகவே திரும்பிப் பார்ப்பேன். ஆண்டவரைத் துதிக்கிற ஒரு சொல்லை நாள் முழுக்க இத்தனை பேர் வாயில் வரவைக்க எந்தப் போதகராலும் முடிந்ததில்லை.

எங்கள் வேலை கட்டடத்தின் அடித்தளத்தில். ஆபரேஷன் தியேட்டரில் பயன்படுத்திய கருவிகள் ரத்தமும் சதையுமாக ஒரு ஜன்னல் வழியே வந்து சேரும். அந்தப் பக்கம் கழுவுகிறவர்கள் கழுவித் தருவார்கள். இந்தப் பக்கம் நானும் இன்னொருத்தியும் ஒவ்வொன்றாகச் சோதித்து, ட்ரேயில் அடுக்கி, இரட்டைத் துணியில் சுற்றி, டேப் ஒட்டி, அதன்மேல் கட்டியவர் பேரை எழுதி, ஆட்டோகிளேவுக்குள் தள்ளுவோம். ஆட்டோகிளேவ் என்றால் ஆளுயர இரும்புப் பெட்டி. நீராவியால் கிருமிகளைக் கொல்வது. டேப்பில் வெளிறிய கோடுகள் இருக்கும், சூடு பட்டால் கறுத்துவிடும். கோடு கறுத்திருந்தால் மேலே தியேட்டரில் மறுபேச்சில்லாமல் பிரித்துவிடுவார்கள்.

என் மேஜைக்காரியை நான் தங்கச்சி என்று கூப்பிடுவேன். ரத்த சொந்தம் இல்லை. ஆறு வருடம் ஒரே மேஜையில் எதிரெதிரே நின்றால் அதுவும் ஒரு சொந்தம்தான். அவள் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அந்தக் குறையையும் சேர்த்து நான் பேசிக்கொண்டிருந்தேன்.

சூப்பர்வைசரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவர் எங்கள் சபைக்காரர். ஞாயிற்றுக்கிழமை முன் வரிசையில் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருப்பார், அறிவிப்பு வாசிப்பதும் அவர்தான். அங்கே நான் “அண்ணே” என்றால் “சொல்லும்மா” என்பார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அடித்தளத்திலும் வாய் தவறி அண்ணே என்றுவிட்டேன். உடனே அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தி, “இங்க நான் சார். சபை விஷயமெல்லாம் இங்க வேண்டாம்” என்றார். அவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் என்று பதினைந்து வருடமாக அங்கே ஒரு ஈ காக்காய்க்கும் தெரியாது. அதை ஒரு சாமர்த்தியம் போலவே காத்து வந்தார்.

மூன்று மாதத்துக்கு முன் எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்ததும் அவர்தான். லிஃப்ட் பக்கத்தில் அழுதுகொண்டு நின்ற ஒரு வார்டு ஆயா தனக்காக ஜெபிக்கச் சொன்னாள், கையைப் பிடித்து ஜெபித்தேன், யாரோ போட்டுக் கொடுத்துவிட்டார்கள். “இன்னொரு தடவை புகார் வந்தா வேலை இருக்காது” என்றார். “நானாப் போய் யார் காதையும் பிடிச்சுத் திருக மாட்டேன் சார். ஆனா கேட்டா, சொல்லாம இருக்க மாட்டேன்” என்றேன். அவர் பேனாவை மூடினார்.

கேட்டது தங்கச்சிதான்.

ஒரு வியாழக்கிழமை மதியம், ஆறு ட்ரே மேஜைக்கு வந்திருந்தன. மூன்று அவளுக்கு, மூன்று எனக்கு. முதல் ட்ரே முடிந்து இரண்டாவதில் கை வைத்தபோது, தலையைத் தூக்காமலே கேட்டாள்: “அக்கா, எங்கம்மா சாகக் கிடந்தப்போ கூப்பிட்டு விட்டாங்க. நான் போகல. கோவத்துல போகல. உங்க ஆண்டவரு என்ன மாதிரி ஆளையெல்லாம் சேத்துக்குவாரா?”

ஆறு வருடத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. விடுவேனா? பேசினேன். மன்னிப்பைப் பற்றி, சிலுவையைப் பற்றி, சமாதானத்தைப் பற்றி, அழகாகவே பேசினேன். “என்னையே சேத்துக்கிட்டாருடி” என்றேன். “நீங்க என்னக்கா பண்ணீங்க?” என்றாள். மூன்றாவது ட்ரேயையும் கட்டி முடித்து, அந்தக் கேள்வி வந்த நேரத்தில் ஆட்டோகிளேவின் மணி அடித்தது. முந்தைய சுற்றை வெளியே எடுக்க வேண்டும். பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். மணி அடித்ததில் எனக்குக் கொஞ்சம் நிம்மதிதான்.

அன்று மாலை வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் தையல்காரர், கத்தரிக்கோலை வாய் பிளந்தபடி போட்டுவிட்டுப் போகிற பழக்கம் அவருக்கு. வழக்கம்போல் எடுத்து மூடினேன். க்ளிக் என்றது. அந்தச் சத்தத்தில் மதியம் கட்டிய ட்ரேக்கள் நினைவுக்கு வந்தன.

கிளாம்ப் என்று ஒரு கருவி உண்டு. கத்தரிக்கோல் மாதிரியே இருக்கும், ஆனால் வெட்டாது. ரத்தக் குழாயைக் கவ்விப் பிடிக்கும். கைப்பிடிக்குப் பக்கத்தில் சின்னப் பற்கள் உண்டு, அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். பல் சரியாகப் பிடிக்கிறதா என்று நாங்கள் ஒவ்வொன்றையும் பூட்டிப் பார்ப்போம். பார்த்துவிட்டுத் திறந்து வைக்க வேண்டும். திறக்காமல் கட்டிவிட்டால் கவ்விய வாய்க்குள் நீராவி நுழையாது. வெளியே டேப் கறுத்துப்போய் யோக்கியமாக இருக்கும், உள்ளே கிருமி குடும்பம் நடத்திக்கொண்டிருக்கும்.

மதியம் நான் பேசப் பேச என் கை பூட்டிப் பார்த்தது நினைவிருந்தது. க்ளிக், க்ளிக் என்று ட்ரேக்கு ஏழு. திறந்தது நினைவில்லை. ஒன்றுகூட நினைவில்லை.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். நூல் கோர்த்துக்கொண்டே கேட்டார்.

“டேப்பு கறுத்துச்சா இல்லையா?”

“கறுத்துச்சு.”

“அப்புறம் என்ன? நீயாப் போய்ச் சொன்னா, ஏன் கவனம் தப்புச்சுன்னு கேப்பாங்க. என்ன பேசிட்டிருந்தேன்னு கேப்பாங்க. ஏற்கெனவே ஒரு கடிதம் இருக்கு. நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க?”

அவர் சொன்னதில் தப்பில்லை. பயந்தேன். அதைவிட மோசம், அந்தப் பயத்துக்கு நான் நல்ல சட்டை மாட்டிவிட்டதுதான். என் வேலை போனால் தங்கச்சிக்கு யார் சொல்வார்கள், அடித்தளத்தில் ஆண்டவருக்கு வேறு யார் இருக்கிறார்கள் என்று ஒரு கால் மணி நேரம் எனக்கு நானே பிரசங்கம் செய்துகொண்டேன். ஆண்டவர் என்னவோ என்னை நம்பித்தான் பிழைப்பு நடத்துகிற மாதிரி!

காலை முதல் ஆபரேஷனுக்கு அந்த ட்ரேக்கள்தான் போகும். யாரோ ஒருவரின் வயிறு. அவருக்கு நான் எந்த மதம் என்பதா முக்கியம்? போனை எடுத்தேன்.

சூப்பர்வைசர் முழுவதும் கேட்டார். “எத்தனை ட்ரே?” என்றார்.

“என்னோட மூணுல கடைசி ரெண்டு. பேச்சு மும்முரத்துல டேப்பு மேல பேர் எழுதினோமான்னுகூட ஞாபகம் இல்ல சார். இன்னைக்குக் கட்டின ஆறையும் திரும்ப எடுத்துடுங்க.”

“என்ன பேச்சு?”

“தங்கச்சி இயேசுவப் பத்திக் கேட்டா. சொன்னேன்.”

“சரி, எடுக்கச் சொல்றேன்” என்றார். எடுக்கவும் செய்தார். அதற்கு அவரைப் பாராட்ட வேண்டும். பயந்த மனிதரே தவிர கெட்டவர் இல்லை.

மறுநாள் காலை முதல் ஆபரேஷன் இரண்டு மணி நேரம் தள்ளிப்போனது. பெரிய டாக்டர் போட்ட சத்தம் மூன்று மாடி இறங்கி எங்களுக்கு வந்து சேர்ந்தது. ஆறு ட்ரேயையும் பிரித்துப் பார்த்ததில் மூன்றில் கிளாம்புகள் பூட்டியே இருந்தன. இரண்டில் என் எழுத்து, மூன்றாவதில் எழுத்தே இல்லை. மூன்றும் என் தலையில் விழுந்தது. நான் பூட்டியது இரண்டுதானே என்று மனசு நெருடியது. ஆனால் என் ஞாபகத்தை நானே நம்ப முடியாத நாள் அது, வாயை மூடிக்கொண்டேன்.

சூப்பர்வைசர் அறையில் மேஜைமேல் தட்டச்சு செய்த தாள் ஒன்று கிடந்தது. இரண்டே வாக்கியம். கிளாம்புகளைப் பூட்டியபடி கட்டியது என் தவறு என்பது முதலாவது. இனி இந்த வளாகத்தில் எந்த நேரத்திலும் யாரிடமும் இயேசுவைப் பற்றிப் பேச மாட்டேன் என்பது இரண்டாவது.

“கையெழுத்துப் போடுங்க” என்றார். “மேல பேசிட்டேன். போட்டா வேலை இருக்கும்.”

“முதல் வரி சத்தியம் சார். அதுக்குப் போடறேன். ரெண்டாவத மாத்துங்க. கருவி கையில இருக்கும்போது பேச மாட்டேன்னு எழுதுங்க. அது நியாயம். பேசிக்கிட்டே கட்டினது என் தப்பு. பேசினது தப்பு இல்ல.”

“மாத்த முடியாது.”

“சாப்பாட்டு நேரத்துல ஒருத்தி வந்து அழுதுகிட்டே கேட்டா, நான் என்ன சொல்லணும்? எனக்கு அவரத் தெரியாதுன்னா?”

அவர் எழுந்துபோய்க் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். குரலைத் தணித்தார். “நானும் விசுவாசிதாம்மா. நான் இல்லேன்னு சொல்லல. ஆனா புத்தியோட இருக்கணும். மனசுக்குள்ள வச்சுக்கிட்டா ஆண்டவர் கோவிச்சுக்குவாரா?”

அதுவரை என் கோபத்தைப் பிடித்துத்தான் வைத்திருந்தேன். அந்தத் தாழ்ந்த குரலைக் கேட்டதும் விட்டுவிட்டேன்.

“பதினஞ்சு வருஷமா உள்ளேயே பூட்டி வச்சிருக்கீங்க. அந்தப் பூட்டுக்குள்ள நீராவி போகாதுன்னு எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதான். வெளிய டேப்பு மட்டும் ஞாயித்துக்கிழமை நல்லாக் கறுத்திருக்கு. நான் ஒரு நாள் பூட்டிட்டேன், ராத்திரியாகுறதுக்குள்ள சொல்லிட்டேன். நீங்க எப்போ சொல்லப்போறீங்க?”

அவர் முகம் சிவந்தது. நான் பேனாவை எடுத்து இரண்டாவது வாக்கியத்தை அடித்தேன். லேசாக அல்ல, தாள் கிழிகிற அளவுக்கு. கீழே கையெழுத்துப் போட்டேன். வீட்டில் இரண்டு பேர் சம்பளத்தில் ஓடுகிற வண்டி, இனி ஒற்றைச் சக்கரம். அது தெரியாத வீராங்கனை இல்லை நான்.

“அப்போ நாளையிலேருந்து வர வேண்டாம்” என்றார்.

கதவு திறந்தது. தங்கச்சி. தட்டாமல் உள்ளே வருகிறவளே இல்லை அவள்.

“சார், பேர் எழுதாத ட்ரே என்னோடது.”

“என்னது?”

“மூணாவது ட்ரே. நான் கட்டினது. கேட்டுக்கிட்டே கட்டினேன், திறக்க மறந்துட்டேன். அக்கா பேர்ல எழுதாதீங்க.”

சூப்பர்வைசர் அவளையே பார்த்தார். “உன்ன யாரும் கேக்கலையே. இது யாருக்கும் தெரியவும் போறதில்ல. ஏன் வந்து சொல்ற?”

“எங்கம்மா கூப்பிட்டப்போ வீம்பு பிடிச்சிட்டு இருந்துட்டேன் சார். இன்னொரு தடவை அப்படி இருக்க முடியாது” என்றாள். ஆறு வருடத்தில் ஒரே மூச்சில் அவள் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம், அன்றைக்கு வீட்டுக்குப் போகச் சொல்லி உத்தரவு. எனக்குக் கணக்கு முடிந்தது. அடையாள அட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தேன். வாசல் வரை போய்த் திரும்பினேன்.

“ஞாயித்துக்கிழமை பாக்கலாம், அண்ணே” என்றேன், தங்கச்சி காதில் விழுகிற மாதிரியே. அதில் கொஞ்சம் வன்மம் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பொய் இல்லை. அவர் ‘சார்’ என்று திருத்தவில்லை.

வெளியே பஸ் ஸ்டாப்பில் வெயில் ஏறியிருந்தது. தங்கச்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“சாரும் உங்க ஆளுதானாக்கா?”

“ஆமா.”

“தெரியவே இல்லையே” என்றாள். குத்திக்காட்டிச் சொல்லவில்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்டாள். எனக்கு அவர்மேல் முதல் தடவையாகப் பரிதாபம் வந்தது.

“நேத்து பாதியில விட்டீங்க. நீங்க என்ன பண்ணீங்கன்னு கேட்டேன்” என்றாள்.

நேற்று அவளிடம் நல்ல பாகத்தை மட்டும்தான் சொல்லியிருந்தேன். மன்னிப்பு, சமாதானம், சந்தோஷம் எல்லாம் சொன்னேன். எதற்காக மன்னிப்பு என்பதைச் சபையில் எழுந்து என் கதையைச் சாட்சியாகச் சொல்லும்போதுகூட நான் சொன்னதில்லை. மணி அடித்தது, விலகிப் போய்விட்டேன். சூப்பர்வைசரைச் சொன்னேனே, எனக்குள்ளும் ஒன்று பூட்டியே கிடந்தது. இப்போது அடிப்பதற்கு மணி இல்லை, கையில் கருவியும் இல்லை.

“என் மாமியார் ரெண்டு வருஷம் படுத்த படுக்கையாக் கிடந்தாங்க” என்றேன். “வேளாவேளைக்குச் சோறு வச்சேன், துணி மாத்தினேன். எல்லாரும் என்ன மாதிரி மருமக கிடையாதுன்னாங்க. அந்த ரெண்டு வருஷமும் நான் அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசல. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தாங்க. சாகுற அன்னைக்கும் பேசல.”

தங்கச்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் பஸ் வந்து நின்று, ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பியது. அவள் எழுந்திருக்கவில்லை.

“அப்புறம்?” என்றாள்.