வாய் திறந்த அக்கா

வேணுஜா தலைமயிரை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்து நின்ற அன்று தேவமலர் அடுப்பில் குழம்பைக் கருக விட்டாள். காலையில் முதுகு நிறைந்த பின்னலோடு பள்ளிக்கூடம் போன பதினாலு வயதுப் பிள்ளை, பின்னேரம் பெடியனாகத் திரும்பியிருந்தாள்.

"நாடகத்துக்கு அம்மா. நான்தான் அந்தப் பெடியன்."

பள்ளிக்கூடத்து நாடகக் குழு ஒரு பழைய ருஷ்யப் போர்ப் படத்தை மேடையேற்றப் போகிறதாம். தாயைச் சண்டையில் பறிகொடுத்த ஒரு சின்னப் பையன் படைக்காக உளவு பார்க்கப் போகிறான்; போனவன் திரும்புவதில்லை. அவ்வளவுதான் கதை. படத்தைப் போட்டுக் காட்டிய ரீச்சர், பிள்ளைகள் தங்கள் வீடுகளில் கேட்ட போர்களையும் நாடகத்தில் சேர்க்கலாம் என்று சொல்லியிருந்தா. அகதிகள் வந்து குடியேறிய நொய்கெல்ன் பகுதியில் அதற்கென்ன பஞ்சம்? அலெப்போவும் சரஜேவோவும் கார்கிவும் ஒரே வாங்கில் இருந்து படிக்கிற இடம்.

"மயிர்தானே, வளரும்," என்றான் கணவன் தபோதரன். உணவகத்தில் நாள் முழுக்க வெங்காயம் உரிக்கிறவனுக்கு வேறென்ன தோன்றும்? ஊரில் நடந்த சண்டையின் கடைசிக்காலத்துக்கு வெகுமுன்பே இங்கே வந்துவிட்டவன். மனைவியின் தங்கை ஒருத்தி காணாமற்போனாள் என்று தெரியும். எப்படி என்று அவன் கேட்டதில்லை, இவளும் சொன்னதில்லை.

அதன்பிறகு தேவமலர் பிள்ளைக்குச் சோறு போட்டாள், சப்பாத்தைத் துடைத்து வைத்தாள், முகத்தை மட்டும் பார்க்கவில்லை. பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரியாமல் போகுமா?

"அம்மா, உங்களுக்கு என்னைப் பிடிக்கேல்லையா?" என்று ஒருநாள் கேட்டே விட்டாள்.

"உன்ரை சித்திக்கும் இப்பிடித்தான் வெட்டினவை," என்றாள் தேவமலர்.

தொடங்கிய பிறகு நிறுத்த ஏலவில்லை. சுபானிக்கு அப்போது பதினைந்து வயது. இயக்கம் பிடித்துக்கொண்டு போனது. கொண்டுபோகிற பெட்டைகளுக்கு முதலில் மயிரைத்தான் கத்தரிப்பார்கள். கொஞ்ச நாளில் அவள் தப்பி ஓடிவந்தாள். வெட்டிய தலையே இயக்கத்தில் இருந்தவள் என்று காட்டிக்கொடுத்துவிடும் எனப் பயந்து, அக்காக்காரி தன் நீண்ட மயிரைத் தோளோடு அறுத்துப் பின்னி, கறுப்பு நூலால் தங்கையின் தலையில் இறுக்கிக் கட்டிவிட்டாள். சண்டை முடிகிற நாட்களில் இரண்டு பேரும் சனத்தோடு சனமாக நடந்து இராணுவத்தின் சோதனைச்சாவடிக்கு வந்தார்கள். பெண் சிப்பாய் ஒருத்தி பின்னலைப் பிடித்து இழுத்தாள். அது அவள் கையோடு போயிற்று. மொட்டையாகவே வந்திருந்தால் பேன், காய்ச்சல் என்று எதையாவது சொல்லியிருக்கலாம். ஒட்டுமயிர் கட்டியவளுக்கு என்ன சாட்டு இருக்கிறது?

"நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

பிள்ளை கேட்டது நியாயமான கேள்விதான்.

"கத்தினனான். இது என்ரை தங்கச்சி, சின்னப் பிள்ளை, கொண்டுபோறதெண்டால் என்னையும் கொண்டுபோங்கோ எண்டு காலிலை விழுந்தனான். தள்ளிவிட்டிட்டாங்கள்."

பச்சைப் பொய். இவளோடு வந்தது யார் என்று அங்கே நின்ற ஒருவன் நல்ல தமிழில் கேட்டான். "ஒருத்தரும் இல்லை," என்றாள் சுபானி. அவளுக்கு அடுத்தபடி வரிசையில் நின்ற தேவமலர், யாரோ எவரோ போல நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்டவன் இரண்டாந்தரமும் கேட்டான். தேவமலர் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பிள்ளையைக் கொண்டுபோனார்கள். உயிரோடு இருக்கிறாளா என்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை.

வேணுஜா அழுதுகொண்டு தாயைக் கட்டிப்பிடித்தாள். வைத்தியரிடம் போனாலும், அலுவலகத்தில் Termin, சந்திப்பு நேரம் என்று போனாலும், "நீங்கள் சும்மா இருங்கோ, நான் கதைக்கிறன்," என்று முன்னால் நின்று ஜெர்மன் மொழியான டொச்சில் பேசுகிற பிள்ளை அவள். தாயை ஒருநாளும் இப்படி அண்ணாந்து பார்த்ததில்லை. அந்தப் பார்வை தேவமலருக்கு வேண்டியிருந்தது. வெட்கத்தைவிட்டுச் சொன்னால், சோற்றைவிட வேண்டியிருந்தது.

"இதை நாங்கள் நாடகத்திலை போடலாமா?"

இல்லை என்று சொல்ல ஒரு காரணம் வேண்டுமே. இருந்த ஒரே காரணத்தை வாயால் சொல்ல முடியாது. தேவமலர் சரியென்று தலையை ஆட்டினாள்.

நாடகத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. பையனின் கதைக்கு நடுவே அந்தக் காட்சி வந்தது. பையனாக நடித்த வேணுஜாவே தங்கையாகவும் நின்றாள். அலெப்போவில் பிறந்த பிள்ளையொருத்தி அக்காவாக வந்து, சிப்பாயின் காலைக் கட்டிக்கொண்டு டொச்சில் கதறினாள். கடைசியில், பாடமாக்கிய தமிழில், "என்ரை தங்கச்சி, என்ரை தங்கச்சி," என்றாள். மண்டபம் முழுக்க மூக்கை உறிஞ்சியது. தங்கைக்கு அந்தக் காட்சியில் பேச்சே இல்லை. ஒருத்தரும் இல்லை என்று சொல்லி அக்காவைக் காப்பாற்றியவள் மேடையில் ஊமையாக நின்றாள். சுபானிக்கென்று இந்த உலகத்தில் மிஞ்சிக் கிடந்தது அந்த ஒரு சொல்தான். அதையும் தான் களவெடுத்துவிட்டது தேவமலருக்கு அப்போதுதான் உறைத்தது.

முடிந்ததும் ரீச்சர் மேடைக்கு வந்து, அந்த அக்கா இங்கேதான் இருக்கிறா, எழுந்து நிற்க முடியுமா என்று கேட்டா.

"எழும்பு, உன்னைத்தான்," என்றான் தபோதரன். அவன் கண்கள் கலங்கியிருந்தன. "இவ்வளவு காலமும் எனக்கொரு சொல்லுச் சொல்லேல்லையே."

அவள் எழுந்து நின்றாள். சனமும் எழுந்து நின்று கைதட்டியது. ஒவ்வொரு தட்டும் செருப்படியாக விழ, அவள் கைகூப்பிக்கொண்டு நின்றாள். மேடையில் மகள் பூரித்துப்போய் நின்றாள்.

வீட்டுக்குப் போகிற வழியில், சுரங்க ரயில் நிலையத்து வாங்கில், வேணுஜா தாயின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு இருந்தாள். தபோதரன் சற்றுத் தள்ளி நின்று தமையனுக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தான்.

"அம்மா, நானெண்டால் பயத்திலை பேசாமல் நிண்டிருப்பன். கேட்டிருந்தாலும் எனக்குத் தெரியாதெண்டு சொல்லியிருப்பன். ஒத்திகை முழுக்க அதைத்தான் யோசிச்சனான். அப்பிடிச் செய்துபோட்டு ஒரு ஆள் எப்பிடி உயிரோடை இருக்கிறது?"

பிள்ளை பதிலுக்காகக் காத்திருந்தாள். அவளுக்கு உண்மையிலேயே பதில் வேண்டியிருந்தது.

"நீ அப்பிடிச் செய்யமாட்டாய்," என்றாள் தேவமலர். "நீ என்ரை பிள்ளை."