பையில் இருந்த பழுப்பு சீஸ்

குட்முண்ட் அவித்த முட்டையைத் தராசில் வைத்து நிறுக்கத் தொடங்கிய அன்றே ஒட்னி சுதாரித்திருக்க வேண்டும். அவளோ சிரித்துத் தொலைத்தாள். கட்டிய பெண்டாட்டி சிரித்துவிட்டால் மனிதனுக்கு வீம்பு ஏறாமல் என்ன செய்யும்?

"ஓட்டோட நிறுக்கணுமா, உரிச்சிட்டு நிறுக்கணுமா?" என்று கேட்டாள்.

"உரிச்சிட்டுத்தான். ஓட்டையா திங்கப் போறேன்?"

"யாரு கண்டா? அதுலயும் சத்து இருக்குன்னு நாளைக்கே எங்கயாவது படிச்சிட்டு வருவே."

அவன் எடையை எழுதிக்கொண்டான். ஊராட்சி அலுவலகத்தில் நிலவரைபடம் போடுகிறவன். மலையையே கோடு கோடாகப் பிரித்து வைக்கிற கைக்கு முட்டை எம்மாத்திரம்.

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம் போன மார்ச் மாதப் பந்தயம். அந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவர்கள் நடக்கப் பழகியதுமே காலில் பனிச்சறுக்குக் கட்டையைக் கட்டிக்கொள்வார்கள். வருஷத்துக்கு ஒரு முறை மலையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குச் சறுக்கிப் போவது ஊர்ப் பந்தயம். முதுகில் மூன்றரைக் கிலோ பை இருக்க வேண்டும். உள்ளே எதை வைத்தாலும் கேட்கமாட்டார்கள். ஆனால் முடிவுக் கோட்டில் தராசு இருக்கும். ஒரு கிராம் குறைந்தாலும் ஓடியதெல்லாம் வீண். குட்முண்டும் ஒட்னியும் கல்யாணத்துக்கு முன்பிருந்தே சேர்ந்து ஓடுகிறவர்கள். போன வருஷம் கடைசி மேட்டில் குட்முண்டின் கால்கள் நின்றுவிட்டன. மீட்புக்காரர்கள் அவனை ஆரஞ்சு நிறப் போர்வையில் சுற்றி, மோட்டார் வண்டியின் பின்னால் கட்டிய சறுக்குப் பலகையில் கிடத்தி, நேராக வாஃபிள் அப்பம் சுடும் கடைக்கு முன்னால் கொண்டுவந்து இறக்கினார்கள். மொத்த ஊரும் கையில் வாஃபிளோடு நின்று பார்த்தது. ஒருவர்கூடக் கேலி செய்யவில்லை. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

அன்று ராத்திரியே சொல்லிவிட்டான். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா கட்டைய யாருக்காவது குடுத்துடுவேன். அதோட சரி."

ஒட்னிக்கு இது வெறும் கட்டை விஷயம் இல்லை. இந்த மனிதன் வீட்டுக்குள் வாயைத் திறக்கிற ஆளே இல்லை. காப்பி வேண்டுமா என்றால் ம், வேண்டாமா என்றாலும் ம். கட்டையைக் காலில் மாட்டிப் பனியில் இறங்கிவிட்டால் போதும், மடை திறந்துவிடும். அவன் அப்பாவைப் பற்றி அவளிடம் பேசியது பனியில்தான். பிள்ளை பெற்றுக்கொள்ள ஆசை என்று சொன்னதும் பனியில்தான். அவன் ஓடுவதை நிறுத்திவிட்டால் அவளுக்கு மிஞ்சப் போவது டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு ம் மட்டும்தான். அந்த ஆளோடு கிழவியாக அவளுக்குக் கொஞ்சமும் இஷ்டமில்லை.

குட்முண்ட் நிறைய படித்து, தன் உடம்பில் புரதம் போதவில்லை என்ற முடிவுக்கு வந்தான். உடல் எடைக்கு இவ்வளவு, பயிற்சிக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டு, அதை நான்கு வேளைக்குப் பங்கு பிரித்து, குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினான். காலையில் முட்டை. பயிற்சி முடிந்து வந்ததும் கெட்டித் தயிர். ராத்திரிக்கு மீன். மதியத்துக்கு அலுவலகம் கொண்டுபோகும் ரொட்டிப் பொட்டலம். நான்கு துண்டு ரொட்டி, ஒவ்வொன்றின் மேலும் பழுப்பு சீஸ், ஒட்டாமலிருக்க இடையில் காகிதம். அவன் அப்பாவும் அதைத்தான் கொண்டுபோனார். நாள் முழுவதற்குமான புரதத்தில் பெரிய பங்கு அந்தப் பொட்டலத்திலிருந்து வருவதாகக் கணக்கு.

"நான் மாட்டு டாக்டர். பள்ளத்தாக்குல பாதி மாட்டுக்கு நான்தான் தீனி அளவு சொல்றேன். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா?" என்றாள் ஒட்னி.

"நான் மாடு இல்லை."

"மாடா இருந்தா சொன்ன பேச்சு கேட்டிருப்பே."

கணக்கு உடைந்தது குளிர்கால விடுமுறையில். பெர்கன் நகரில் உடற்பயிற்சி மருத்துவம் படிக்கிற மகள் ஓஷில்ட் வந்து, கதவில் ஒட்டியிருந்ததைப் படித்தாள். மதியப் பங்கில் அவள் கண் நின்றது.

"அப்பா, இந்தப் பழுப்பு சீஸுக்கு எந்தக் கணக்கு போட்டே?"

"சீஸ் கணக்கு."

"சாதாரண மஞ்ச சீஸ் கணக்கா?"

"சீஸ்ல என்ன ஜாதி? சீஸ்னா சீஸ்."

ஓஷில்ட் சீஸ் கட்டியை எடுத்து அட்டையை அவன் மூக்குக்கு நேரே நீட்டினாள். "படி. மஞ்ச சீஸ்ல இருக்கறதுல பாதி புரதம்கூட இதுல இல்லை. பால் திரிஞ்சு நிக்கற தண்ணிய சுண்டக் காய்ச்சினது இது. முக்காவாசி சர்க்கரையும் கொழுப்பும். நீ ரொட்டி மேல மிட்டாய் வெச்சுத் தின்னுட்டு இருக்கே."

சீஸ் வரிசையில் விற்கிறார்கள், சீஸ் சீவியால் சீவுகிறார்கள், பிறந்ததிலிருந்து சீஸ் என்று சொல்லி ஊட்டியிருக்கிறார்கள். அந்தப் பள்ளத்தாக்கில் யாருக்குத்தான் அட்டையைத் திருப்பிப் பார்க்கத் தோன்றும்? மாட்டு டாக்டருக்கே தோன்றவில்லை. ஒட்னி சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பி, கொட்டுகிற பனியை அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தாள்.

"நீ சிரிக்கறே," என்றான் குட்முண்ட்.

"இல்லையே. இருமல்."

அன்றோடு பழுப்பு சீஸுக்கு அந்த வீட்டில் தடை. சீஸோடு போயிருந்தால் பரவாயில்லை. மிட்டாயைத் தின்றுவிட்ட ஆத்திரத்தில் ரொட்டியையும் உருளைக்கிழங்கையும் சேர்த்து விரட்டினான். மதியப் பொட்டலத்தில் இப்போது அவித்த முட்டையும் டப்பா மீனும் மட்டும். அலுவலகத்தில் அவன் பொட்டலத்தைப் பிரித்தால் பக்கத்து மேஜைக்காரர் ஜன்னலைத் திறந்தார். பயிற்சியிலும் முகம் சுண்டிப்போயிருந்தது. மேடு ஏறும்போது பேச்சே இல்லை. பனியிலும் ம் என்றான்.

"வெறும் புண்ணாக்கு போட்டு வைக்கோல் போடலைன்னா மாடு படுத்துக்கும். ரொட்டியத் தின்னுடா. புரதம் சதைக்கு, மேடு ஏற ரொட்டி வேணும். ரெண்டுக்கும் பங்கு இருக்கு," என்று ஒட்னி கெஞ்சினாள்.

"போன வருஷம் ரொட்டி தின்னுதானே விழுந்தேன்?"

"போன வருஷம் ரெண்டு நாள் காய்ச்சல்ல கிடந்து எந்திரிச்சு ஓடினே. அதை மறந்துட்டே."

அவன் காதில் ஏறவில்லை. தான் கண்டுபிடித்த காரணத்தை மனிதர்கள் அவ்வளவு சுலபமாக விட்டுத்தருவதில்லை.

பந்தயத்துக்கு முந்தின நாள் இருவர் பையையும் குட்முண்ட் சமையலறைத் தராசில் ஏற்றினான். ஒட்னியின் பையில் மாற்றுத் துணியும் ஒரு பெரிய பழுப்பு சீஸ் கட்டியும் இருந்தன. முடிவுக் கோட்டில் வாஃபிள் கடை நடத்துவது ஊர்க்காரர்கள்தான். வாஃபிள் மேல் வைக்கச் சீஸ் கொடுப்பது ஒட்னியின் வழக்கம். மலையைத் தாண்டும்வரை அது எடைக்கு ஆகும், தாண்டியதும் கடைக்குப் போகும்.

"இருநூத்தம்பது கிராம் அதிகம்," என்று அவளுடைய கம்பளிச் சட்டையை வெளியே எடுத்தான் குட்முண்ட். "சும்மா எதுக்குச் சுமக்கணும்?"

"இருந்துட்டுப் போகட்டுமே."

"மூணரைன்னா மூணரை."

அவள் விட்டுக்கொடுத்தாள். பந்தயத்தை முடிக்கிறவர்கள் நெஞ்சில் ஒரு வில்லை குத்துவார்கள்; இந்த வருஷமும் முடித்தால் அவளுக்கு அது இருபதாவது. அதற்கு ஊர்ச் சங்கம் பெயர் பொறித்த வெள்ளித் தட்டு தரும். மாட்டுவதற்குச் சுவரில் ஆணியே அடித்து வைத்திருந்தாள்.

மறுநாள் வானம் தெளிந்திருந்தது. பாதி வழிவரை குட்முண்ட் நன்றாகத்தான் போனான். வழியில் ஒவ்வொரு கூடாரத்திலும் சூடான பழச்சாறும் பன்னும் நீட்டினார்கள். "அதுல புரதம் இல்லை," என்று கையை ஆட்டிவிட்டுப் போனான். நீட்டிய பெண் ஒட்னியைப் பார்த்து, "உன் புருஷனுக்கு என்ன ஆச்சு?" என்றாள். "கிரகம்," என்று சொல்லிவிட்டு ஒட்னி அவன் பங்கையும் சேர்த்துக் குடித்தாள். தன் சட்டைப்பையிலிருந்த சாக்லேட்டை நீட்டியதற்கும் அதே பதில்தான். பிறகு அவளே தின்று தீர்த்தாள்.

கடைசிக் கூடாரத்தையும் தாண்டி, கடைசி மேட்டின் அடியில் அவன் நின்றான். கட்டை நகரவில்லை. தன் பையிலிருந்து முட்டையை எடுத்தான். குளிரில் அது கல்லாகியிருந்தது. பல் இறங்கவில்லை; திரும்பப் பையிலேயே போட்டான். அப்படியே பனியில் உட்கார்ந்துவிட்டான். போன வருஷம் உட்கார்ந்த அதே இடம்.

"நீ போ," என்றான். "தட்டு வாங்கு. நான் வண்டியக் கூப்பிட்டுக்கறேன்."

"வண்டியா? எந்திரி."

"முடியலை ஒட்னி. இதோட போதும். கட்டைய..."

முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் அழுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. முப்பது வருஷத்தில் அவள் அதைப் பார்த்ததில்லை. அதற்கு மேல் அவள் எதையும் யோசிக்கவில்லை. பையை இறக்கினாள், கட்டியைப் பிரித்தாள், கத்தி இல்லாததால் பல்லாலேயே கடித்து ஒரு பெரிய துண்டை உடைத்தாள்.

"வாயத் திற."

"அது மிட்டாய்."

"மிட்டாய்தான். தின்னு."

அவன் தின்றான். இரண்டாவது துண்டும் தின்றான். மூன்றாவது வாயில் இருக்கும்போதுதான் வரைபடக்காரன் புத்தி விழித்தது. மெல்லுவதை நிறுத்தினான்.

"ஒட்னி, உன் எடை."

"மென்னு முழுங்கு."

"பனிய அள்ளிப் போட்டுக்கலாம்."

"எடை பாக்கற தூர்லைவ் பைய உதறிட்டுத்தான் தராசுல வைப்பான். வழிநெடுக ஏதாவது பேசிட்டு வா. அது போதும் எனக்கு."

கொஞ்ச நேரத்தில் அவன் எழுந்தான். முதலில் மூச்சுதான் வந்தது, அப்புறம் பேச்சு வந்தது. தராசு வாங்கியதிலிருந்து வீட்டில் யாருமே தன்னிடம் சிரித்துப் பேசுவதில்லை என்று புகார் சொன்னான். அலுவலகத்தில் ஜன்னல் திறந்த கதையைச் சொன்னான். போர்வையில் சுற்றிக் கொண்டுவந்த அன்று செத்துப்போய்விடலாம் போலிருந்தது என்றும் சொன்னான். ஒட்னி எல்லாவற்றுக்கும் ம் கொட்டிக்கொண்டே பக்கத்தில் சறுக்கினாள்.

முடிவுக் கோட்டில் எடை பார்க்கிற தூர்லைவ் குட்முண்டின் பையைத் தராசில் வைத்து, திருப்தியாகத் தலையாட்டினான். அடுத்து ஒட்னியின் பை. முள் மூன்றரைக்கு வரவில்லை. பையைத் தூக்கி மறுபடி வைத்தான். அப்போதும் வரவில்லை.

"இருநூறு கிராம் குறையுதே ஒட்னி," என்றான் பாவமாக. உள்ளே பார்த்தான். "சீஸ்ல இது யாரு பல்லு?"

"எலி," என்றாள் ஒட்னி.

தூர்லைவ் அவள் பக்கத்தில் நின்ற எலியை ஏற இறங்கப் பார்த்தான். எலியின் தாடியில் பழுப்பாய் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனாலும் சட்டம் சட்டம்தான். ஒட்னியின் பெயரை அடித்தான்.

குட்முண்டின் நெஞ்சில் வில்லையைக் குத்தினார்கள். அவன் அதைப் பார்க்கவேயில்லை. தலையைக் குனிந்துகொண்டு ஒட்னியோடு வாஃபிள் கடைக்கு நடந்தான். மிச்சமிருந்த சீஸை அவள் மேஜையில் வைத்தாள்.

"அந்தக் கம்பளிச் சட்டைய நான் எடுக்காம இருந்திருக்கலாம்," என்றான்.

"இருந்திருக்கலாம்."

"ஆணியப் பிடுங்கிடாதே."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"அடுத்த வருஷம் சீஸ் என் பையில இருக்கட்டும்," என்றான் குட்முண்ட். "ஓரத்துல நாலு துண்டு ரொட்டியும் வெச்சுக்கறேன்."

ஒட்னி வாஃபிள் மேல் சீஸைத் தடிமனாகச் சீவி, நிறுக்காமலே அவன் கையில் கொடுத்தாள்.