கதவுக்கு முட்டுக்கொடுத்த குண்டு

அமெரிக்காவின் ஜார்ஜியாவில் பார்க்க வேண்டிய பழைய ஊர்கள் என்று பத்திரிகைகள் எழுதும்போது எங்கள் டன்மோர் ஃபெர்ரியை விடுவதே இல்லை. அதற்குக் காரணம் ஆறும் அல்ல, மக்னோலியா மரங்களும் அல்ல. எங்கள் வீட்டு வாசல் கதவுக்கு முட்டுக்கொடுத்து வைத்திருக்கும் பீரங்கிக் குண்டுதான். நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய உள்நாட்டுப் போரில் எங்கள் தெற்கோடு மோதிய வடக்கத்தியான் சுட்டது. கூரையைப் பிய்த்துக்கொண்டு கூடத்தில் விழுந்தும் வெடிக்கவில்லை. அது இல்லையென்றால் எங்கள் வீட்டை ஒரு நாயும் எட்டிப் பார்க்காது.

வசந்தம் வந்தால் பழைய வீடுகளைத் திறந்து வெளியூர்க்காரர்களுக்குச் சுற்றிக் காட்டுவோம். அதற்காகப் பெண்கள் எல்லோரும் அந்தக் காலத்துக் கம்பி வளையம் வைத்த அகலப் பாவாடையில் வேர்த்து விறுவிறுத்து நிற்போம். அன்று காலை குண்டில் துரு தெரிந்தது. என் கணவர் ஹோயட்டை விரட்டினேன். அவர் அலுத்துக்கொண்டே அதைத் தூக்கிக்கொண்டு பின்பக்கக் கொட்டகைக்குப் போனார்.

முதல் கூட்டத்தில் ஓஹையோவிலிருந்து ஸ்டான்லி வோசியாக் என்ற பெரியவர் வந்திருந்தார். வடக்கத்தியான் கிடைத்தால் நான் சும்மா விடுவேனா? சுவரில் இருந்த குண்டின் புகைப்படத்தைக் காட்டி, உங்கள் ஆட்கள் செய்த வேலையைப் பாருங்கள் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்காமல் படத்தோடு ஒட்டி நின்று உற்றுப் பார்த்தார். ராணுவத்தில் குண்டுகளைச் செயலிழக்கச் செய்யும் வேலை பார்த்தவராம்.

"இந்தச் செம்பு மூடியக் கழட்டி, உள்ள இருந்த மருந்தை எடுத்துட்டாங்களாம்மா?"

"மூடியா? நாங்க அதைத் தொப்புள்னு சொல்லுவோம். அதை யாரும் தொட்டதே இல்ல."

எதை வைத்துச் சுத்தம் செய்கிறீர்கள் என்று கேட்டார். ஹோயட் டிரில்லிங் மெஷினில் கம்பி பிரஷை மாட்டித் தேய்ப்பார், பொறி பறக்கும், பார்க்கவே அழகாக இருக்கும் என்றேன். அவர் முகம் வெளுத்துப்போனது. மருந்து இன்னும் செத்திருக்காது, ஒரு பொறி போதும் என்றார். எனக்குச் சிரிப்புதான் வந்தது. அந்த நேரம் பார்த்துக் கொட்டகையில் மெஷின் உறுமத் தொடங்கியது.

ஓடினேன். பாழாய்ப்போன பாவாடை பின்கதவில் வசமாகச் சிக்கிக்கொண்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. தொண்டை கிழியக் கத்தினேன். ஹோயட்டுக்கு ஏற்கெனவே காது மந்தம். கொட்டகைக்குள் பொறி பறப்பது தெரிந்தது. அப்போதுதான் பக்கத்துச் சுவரில் மெயின் சுவிட்ச் கண்ணில் பட்டது. எட்டி அதை இறக்கினேன். மெஷின் நின்றது.

"எவன்டா கரண்ட்டை நிறுத்துனது? இன்னும் பாதிகூடத் தேய்க்கல" என்று வெளியே வந்தார் ஹோயட். வாயில் சிகரெட் புகைந்துகொண்டிருந்தது. ஸ்டான்லி வேறு வழியாகச் சுற்றி வந்து அந்தச் சிகரெட்டைப் பிடுங்கி மிதித்தார்.

மதியம் போலீஸின் குண்டுப் பிரிவு வந்தது. விதைக்காத பருத்தி வயலுக்குக் கொண்டுபோய் வெடிக்க வைத்தார்கள். எங்கள் ஜன்னல்கள் அதிர்ந்தன. என் பிள்ளைகள் அதை உருட்டித்தான் விளையாடி வளர்ந்தார்கள். நான் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இன்னும் ஒரு அடி பாக்கி இருந்தது. குண்டுப் பிரிவு அதிகாரி தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார்.

"இது வடக்கு ஆளுங்க குண்டு இல்லம்மா. அதுல இருந்த மாதிரி மூடி நம்ம தெற்கத்திப் பட்டறையில போட்டது. நம்மாளுங்க சுட்டதுதான், குறி தப்பி உங்க வீட்டுல விழுந்திருக்கு."

எனக்கு வெட்கத்தில் உடம்பே எரிந்தது. ஸ்டான்லி சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் குடிக்கக் கொஞ்சம் ஐஸ் டீ கிடைக்குமா என்று மட்டும் கேட்டார்.

வாசலில் அடுத்த கூட்டம் நின்றிருந்தது. கிழிந்த பாவாடையோடு போய்ப் படத்தின் முன் நின்றேன். பழக்கதோஷத்தில் "வடக்கத்தியான்" என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டேன்.

"இதை எங்க ஆளுங்களே எங்க மேல சுட்டாங்க" என்றேன். "அதோ நிக்கிறாரே என் புருஷன், அவரைக் காப்பாத்தினது ஒரு வடக்கத்தியான்."