இரட்டைக் கொம்பு

அந்தத் துறையில் எல்லோரும் அவளை ‘வரைவு அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். அறிவியல், தொழில்நுட்பம், தொழில் புத்தாக்கம் என்று வாசலில் மூன்று வரிக்குப் பெயர்ப்பலகை வைத்த துறை. மந்திரி மாறும்போதெல்லாம் புதுக் கொள்கை வேண்டும் என்பார்கள். எழுதுவது வரைவு அக்கா. இதுவரை மூன்று மந்திரிகள், மூன்று கொள்கைகள். நாட்டை எங்கோ கொண்டுபோய் நிறுத்தப் போவதாக மூன்றிலும் எழுதியிருந்தது. இப்போது அந்த மூன்று புத்தகங்களும் அவள் நாற்காலிக்குப் பின்னால் இருக்கும் இரும்பு அலமாரியின் கதவுக்கு முட்டுக்கொடுக்கின்றன. அவற்றால் நிறுத்த முடிந்தது அந்த அலமாரிக் கதவைத்தான்.

நான்காவதை எழுதும்போது அவளுக்கு அலுத்துவிட்டது. உலகத்தரம், பாய்ச்சல், முன்னோடி என்ற சொற்கள் அவளைக் கேட்காமலேயே விரலிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தன. ஏசி ஒழுகும் தண்ணீர் மூலையில் இருந்த பக்கெட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. நிரம்பினால் போய் ஊற்றிவிட்டு வந்து, விட்ட பாய்ச்சலைத் தொடர்வாள்.

ஒரே ஓர் அத்தியாயத்தை மட்டும் விழித்திருந்து எழுதினாள். சோதனைக்கூடங்களைப் பற்றிய அத்தியாயம். அதற்குக் காரணம் அவள் தங்கை.

தங்கை என்ஜினீயர். தொழிற்பேட்டையின் கடைசித் தெருவில் இருக்கும் அரசுச் சோதனைக்கூடத்துக்குப் பொறுப்பாளர். பட்டறைக்காரர்கள் புதிதாகச் செய்து கொண்டுவருகிற தலைக்கவசம், மின்விசிறி, கேஸ் ரெகுலேட்டர் எல்லாவற்றையும் அங்கே அழுத்துவார்கள், சூடேற்றுவார்கள், உயரத்திலிருந்து போடுவார்கள். எங்கே உடைகிறது என்று பார்த்துச் சொல்வார்கள். மேலிடத்துக்கு அந்தக் கூடத்தைக் கண்டாலே ஆகாது. எதையும் கண்டுபிடிக்காத இடத்துக்கு எதற்குக் கட்டடம் என்பார்கள்.

“நீங்கல்லாம் புதுசு புதுசா செய்யறதப் பத்தி எழுதறீங்கக்கா. செஞ்சது வீட்ல வெடிக்காம இருக்கணும்னு ஒருத்தராவது எழுதறீங்களா?” என்று தங்கை ஒருமுறை கேட்டாள். அந்தக் கேள்வி அக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. அதனால்தான் இந்தத் தடவை எழுதினாள்: சோதனை முடியாத எந்தப் பொருளும் சந்தைக்கு வரக்கூடாது. சோதனையில் தோற்பது அவமானமல்ல, திருத்திக்கொண்டு மறுபடி வரலாம்.

வரைவு அக்காவுக்கும் ஒரு சொந்தக் கணக்கு இருந்தது. அவளுடைய பதவி உயர்வுக் கோப்பு செயலாளர் மேசைக்கு வந்துவிட்டது. உயர்வு கிடைத்தால் தரைத்தளத்தில் குடியிருப்பு கிடைக்கும். இப்போது இருப்பது நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரான அவள் கணவருக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துபோய்விட்டன. வாரத்துக்கு ஒருமுறை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்குவார். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு அந்தக் கோப்பு ஞாபகம் வரும்.

வரைவைப் படிக்க மந்திரி உட்கார்ந்தார். செயலாளர் ஒரு பக்கம், புது ஆலோசகர் ஒரு பக்கம். ஆலோசகர் போன வருஷம்வரை பிஸ்கட்டுக்கு விளம்பரம் எழுதிக்கொண்டிருந்தவர். மந்திரி சோதனைக்கூட அத்தியாயத்தில் நின்றார்.

“ஏம்மா, என்ன இது, பக்கத்துக்குப் பக்கம் சோதனை! வீட்ல சோதனை, கட்சியில சோதனை. கொள்கையிலயுமா?”

எல்லோரும் சிரித்தார்கள். மந்திரி சிரித்தால் சிரிக்க வேண்டும், அது எழுதப்படாத கொள்கை.

“ரொம்ப சிம்பிள் சார்,” என்றார் ஆலோசகர். வெள்ளைப்பலகையில் பெரிதாக ‘சோ’ என்று எழுதி, முன்னால் இருந்த இரட்டைக் கொம்பை மட்டும் விரலால் அழித்தார். ‘சா’ மிஞ்சியது. “ஒரே ஒரு கொம்புதான் குறுக்க நிக்குது. எடுத்துட்டா சாதனை!”

மந்திரி தொடையில் தட்டினார். “அதானே! சோதனைக்கு மட்டும் என்ன, கொம்பா முளைச்சிருக்கு? எடுத்துடு!”

“ஐயா, அர்த்தம் மாறிடும்...” என்று வரைவு அக்கா ஆரம்பித்தாள்.

“மாறல மேடம், உயருது,” என்றார் பிஸ்கட் ஆலோசகர்.

செயலாளர் அவளைப் பார்த்தார். கோப்பு என் மேசையில் இருக்கிறது என்று சொல்லும் பார்வை. அவள் வாயை மூடிக்கொண்டாள். அச்சுக்குப் போகும் முன் மெய்ப்பு தன் கைக்குத்தானே வரும், சத்தமில்லாமல் சரிசெய்துகொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இந்தத் துறையில் பிழைப்பது வாயை மூடிய பிள்ளைதான்.

மெய்ப்பு வரவேயில்லை. ஆலோசகர் ஒரு பட்டனைத் தட்டி வரைவு முழுவதும் சோதனையைச் சாதனையாக்கினார். இனி யாரும் தவறிவிடக் கூடாதே என்ற அக்கறையில், துறையின் எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் சோதனை என்று அடித்தால் தானாகவே சாதனை என்று மாறும்படியும் செய்துவிட்டார். அமைச்சரவை மறுநாளே ஒப்புதல் தந்தது. புத்தகம் பளபளவென்று வந்தது.

தங்கைதான் முதலில் போன் பண்ணினாள். சிரிப்பில் பேச்சே வரவில்லை.

“அக்கா, பள்ளிதோறும் சாதனைக் குழாய் குடுக்கப் போறீங்களாமே! நாங்க தண்ணீர்க் குழாய் வராமத்தான் கஷ்டப்படறோம். புது மருந்த மொதல்ல எலி மேல சாதனை பண்ணணுமாம். எலிக்குத் தெரியுமா?”

வரைவு அக்காவும் சிரித்தாள். ‘பரிசோதனை’யெல்லாம் ‘பரிசாதனை’ ஆகியிருந்தது. எந்த அகராதியிலும் இல்லாத சொல். புத்தாக்கத்துக்கென்று இருக்கிற துறை கடைசியில் ஒன்றைப் புதிதாக ஆக்கிவிட்டது.

அடுத்த வாரம் தங்கை பேசியபோது சிரிப்பு இல்லை. “கூடத்துக்குப் பேர் மாத்திட்டாங்க. சாதனைக்கூடம். அது போகட்டும். இனிமே நாங்க குடுக்கற அறிக்கைக்கெல்லாம் ‘சாதனைச் சான்றிதழ்’னுதான் தலைப்பு போடணுமாம். தோத்துப்போனதுக்கும் அதே தலைப்புதான். கீழ பொடி எழுத்துல ‘தேர்ச்சி இல்லை’ன்னு போட்டுக்கலாமாம். கீழ வரைக்கும் யாரு படிக்கறாங்கக்கா?”

“நான் செயலாளர்கிட்ட பேசறேன்டி.”

பேசவும் செய்தாள். செயலாளர் நல்ல மனிதர்தான். ஆனால் அந்த நல்ல மனம் வேலை நேரத்தில் வெளியே வருவதில்லை.

“அமைச்சரவை முடிச்ச விஷயம்மா. திருத்தணும்னா மந்திரி ஒத்துக்கணும். அவர் மேடைக்கு மேடை ‘சோதனையே இல்லாத கொள்கை’ன்னு முழங்கிட்டிருக்கார்.”

“வேற வழியே இல்லையா சார்?”

“ஒண்ணு இருக்கு. வரைவு எழுதினவங்க கைப்பிழைன்னு நீங்களே எழுதிக் குடுத்தா, என் கையெழுத்துல பிழைதிருத்தம் போட்டுடலாம். மந்திரிகிட்ட போகவே வேண்டாம். ஆனா அது உங்க பதிவுல ஏறும். ஏறினா அந்தக் கோப்பு நகராது. பேசாம இருங்க. அஞ்சாவது கொள்கை வராமலா போயிடும்?”

அவள் பேசாமல் இருந்தாள். தங்கையிடம் “கொஞ்சம் பொறுத்துக்கோ” என்று சொன்னாள். அன்று நாலு மாடியும் ஏறி வந்தபோது, கணவர் முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். செய்தது சரிதான் என்று அவளுக்குத் தோன்றியது. சரியாகத் தோன்ற வேண்டும் என்று விரும்பினாள் என்பதுதான் உண்மை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. டீக்கு அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, பாத்திரம் எடுக்கக் குனிந்தாள். சிலிண்டர் மேல் புது ரெகுலேட்டர் பளிச்சென்று இருந்தது.

“இது எப்ப மாத்தினீங்க?”

“முந்தாநேத்து எறங்கினப்ப வாங்கினேன். பழசு ஆடிட்டே இருந்துதுல்ல,” என்றார் கணவர் பெருமையாக. “சும்மா வாங்கல. ஸ்டிக்கரப் பாரு. உன் தங்கச்சி ஆபீஸ் சான்றிதழ். மச்சினி பாத்துக் குடுத்ததுன்னா கண்ண மூடிட்டு வாங்கலாமே.”

தங்க நிற ஸ்டிக்கர். அரசு முத்திரை. ‘சாதனைச் சான்றிதழ்’ என்ற தலைப்பு, அடியில் ஒரு எண். அதற்குக் கீழே இருந்திருக்க வேண்டிய பாதி இல்லை. பட்டறைக்காரர் மேல்பாதியை மட்டும் அச்சடித்திருந்தார்.

அவள் தங்கைக்குப் போன் போட்டு எண்ணைப் படித்தாள்.

“அக்கா, மொதல்ல அடுப்ப அணை. ரெகுலேட்டரக் கழட்டிட்டு சிலிண்டருக்கு மூடியப் போடு. ஜன்னலையெல்லாம் தொற. எந்த ஸ்விட்சையும் தொடாத. மாமாவ வெளிய கூட்டிட்டுப் போ. அது தோத்தது. சூடேற சூடேற வாஷர் விட்டுடும். நான்தான் தோக்கடிச்சேன்!”

அவள் ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் செய்தாள். இருவரும் படிக்கட்டில் போய் உட்கார்ந்தார்கள். கணவருக்கு உட்காரவே சிரமம்.

“ரெண்டு நாளா லேசா ஒரு வாடை வந்துது,” என்றார் அவர் மெதுவாக. “சாக்கடைன்னு நெனச்சு விட்டுட்டேன். சான்றிதழ் இருக்கேன்னு...”

போன் இன்னும் அவள் காதில்தான் இருந்தது.

“கடைக்குக் கடை தொங்குதுக்கா,” என்றாள் தங்கை. அழுகிறாள் என்று தெரிந்தது. “பட்டறைக்காரரக் கேட்டா, ‘நான் பொய் சொல்லலையே மேடம், நீங்க போட்ட தலைப்புதானே’ங்கறார். நான் என்ன பதில் சொல்ல?”

பதில் சொல்ல வேண்டியவள் தான்தான் என்று வரைவு அக்காவுக்குப் புரிந்தது. தன் வீட்டு அடுப்பு என்பதால் எண்ணைப் படித்துக் கேட்க முடிந்தது. மற்ற வீட்டுக்காரர்களுக்கு எந்தத் தங்கை இருக்கிறாள்? அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பாக வந்தது. மந்திரி மேலும் ஆலோசகர் மேலும் வருகிற கோபத்தைவிட அது பெரிதாக இருந்தது. அவர்களுக்கு இரண்டு சொல்லுக்கும் வித்தியாசம் தெரியாது. இவளுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை காலை முதல் ஆளாக அலுவலகத்துக்குப் போய்க் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். ‘சோதனை என்று இருக்க வேண்டிய இடங்களில்’ என்று அடித்தாள். ‘சாதனை என்று இருக்க வேண்டிய இடங்களில்’ என்று வந்தது. அழித்துவிட்டு மறுபடி அடித்தாள். மறுபடியும் அதே சாதனை. கடைசியில் திரையில் நின்ற வாக்கியம் இதுதான்: ‘சாதனை என்று இருக்க வேண்டிய இடங்களில் என் பிழையால் சாதனை என்று இருக்கிறது.’ அதைப் பார்த்துத் தனியாகச் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் எடுத்தாள்.

கையால் எழுதும்போதுதான் கவனித்தாள். அந்தக் கொம்பை எழுத்துக்கு முன்னாலேயே போட்டுவிட வேண்டும். மூன்றே வரிதான் எழுதினாள். பிழை தன்னுடையது என்று எழுதியது பொய்தான், ஆனால் முழுப் பொய்யில்லை. அறையில் வாயை மூடியது அவள்தானே.

செயலாளர் தாளைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

“யோசிச்சுத்தான் எழுதினீங்களா?”

“யோசிச்சிட்டே இருந்ததுதான் சார் தப்பு.”

“இவ்வளவு பெரிய ஆபீஸ்ல எல்லாரும் கம்முனு இருக்கோம். உங்களுக்கு மட்டும் என்னம்மா, கொம்பா முளைச்சிருக்கு?”

“ஆமா சார்,” என்றாள் அவள். “இரட்டைக் கொம்பு.”

அவர் சிரிக்கவில்லை. பேனாவைத் திறந்து பிழைதிருத்தத்தில் கையெழுத்துப் போட்டார். மேசையில் மேலாக இருந்த ஒரு கோப்பை எடுத்து அடுக்கின் அடியில் செருகினார். அது எந்தக் கோப்பு என்று அவள் கேட்கவில்லை.

சாயங்காலம் தொழிற்பேட்டைக்குப் போய்விட்டு வீடு திரும்பினாள். ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு ஏறினாள். கதவைத் திறந்த கணவர் அவள் முகத்தைப் பார்த்தார். கணக்கு வாத்தியார் ஆயிற்றே, விடை தெரிந்துவிட்டது.

“அப்ப, இந்த மாடிதானா?”

“இந்த மாடிதான்.”

அவர் தலையை ஆட்டினார். ஏமாற்றம் இல்லாமல் இல்லை. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டே அடுப்படிக்கு வழிவிட்டார். அவள் பையிலிருந்து ஒரு ரெகுலேட்டரை எடுத்தாள். ஸ்டிக்கர் எதுவும் இல்லை. மேலெல்லாம் சூடுபட்ட கறுப்பு.

“உன் தங்கச்சி சோதிச்சதா?” என்று கேட்டார்.

“என் கண்ணு முன்னாடி.”

“அப்ப மாட்டு. ரெண்டு நாளாச்சு, வீட்ல டீ குடிச்சு.”

அவள் மாட்டி, அடுப்பைப் பற்றவைத்தாள். தண்ணீர் கொதிக்கும்வரை இருவரும் அங்கேயே நின்று மூக்கை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.