என் மகளுக்கு எட்டு மார்க் அதிகம்

பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிப்பது இரண்டு பேர் வேலை. ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, ஓர் உதறு உதறி, பாதியாக மடித்து, எதிரெதிரே நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். ஒவ்வொரு விரிப்புக்கும் எதிரில் நிற்பவளின் முகத்தை மூக்குக்கு நேரே பார்த்துத்தான் ஆக வேண்டும். எனக்கு எதிரில் நிற்பவள் யார் என்கிறீர்கள்? என் ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி. வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள். இந்த வேலையை அவளுக்கு வாங்கிக் கொடுத்ததே நான்தான். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

அன்று காலை அவள் சாக்லேட் டப்பாவும் கையுமாக வந்தாள். இஸ்திரி உருளைக்காரர், வண்டி தள்ளுகிறவர், சூப்பர்வைசர் என்று எல்லோருக்கும் நீட்டிவிட்டுக் கடைசியில் என்னிடம் வந்தாள்.

"அக்கா, சுண்டெலிக்கு மெடிக்கல் சீட் கெடச்சிருச்சு."

சுண்டெலி அவள் மகள். அந்தப் பெயரை வைத்ததும் நானே. குழந்தையில் எந்தக் காகிதம் கிடைத்தாலும் கொறித்துக்கொண்டிருக்கும்.

"ரொம்ப சந்தோஷம்டி" என்றேன். வாய்தான் சொன்னது. என் வயிறு எரிந்த எரிச்சலுக்கு அன்று இஸ்திரி உருளைக்குத் தனியாகக் கரண்டே வேண்டியிருக்காது.

பின்னே என்ன? என் மகளும் சுண்டெலியும் ஒரே பரீட்சை எழுதினார்கள். ஒரே பல்கலைக்கழகத்துக்கு, ஒரே மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பித்தார்கள். என் மகளுக்கு எட்டு மார்க் அதிகம். அவளுக்குக் கிடைக்கவில்லை. எட்டு மார்க் குறைந்தவளுக்குக் கிடைத்துவிட்டது.

காரணம் கேட்டால் இன்னும் எரியும். எந்தப் பள்ளியிலிருந்து பல வருடமாக ஒரு பிள்ளைகூட அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போனதில்லையோ, அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் இப்போது மார்க் வரம்பைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள். கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளி அப்படிப்பட்டது. சுண்டெலி அங்கேதான் படித்தாள். என் மகளும் அங்கேதான் படித்திருக்க வேண்டியவள். நாங்களும் அந்தப் பக்கம், சின்னவள் வீட்டுக்கு மேல்மாடியில்தான் குடியிருந்தோம். பிள்ளை நல்ல பள்ளியில் படிக்கட்டும் என்று நான்தான் ஒற்றைக்காலில் நின்று, புருஷனை நச்சரித்து, கால்வாய்க்கு இந்தப் பக்கம் வீடு பார்த்து வந்தேன். ஒற்றை அறை, சமையலும் அதிலேயே. நல்ல செருப்பு ஒன்று வாங்கினேனா, நாலு இடம் போனேனா? ஓடி ஓடிப் பிள்ளையை அங்கிருந்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தால், உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு ஏணி போடுகிறார்கள்!

விரிப்பின் முனையைக் கொடுக்கும்போது கேட்டேவிட்டேன்.

"எட்டு மார்க் கம்மியா வாங்கினவ டாக்டரு, அதிகமா வாங்கினவ வீட்டுல. என்னடி நியாயம் இது?"

"எனக்கென்னக்கா தெரியும்? கூப்பிட்டாங்க, போறா."

அமுக்குணி. ஒரு வார்த்தை கூடுதலாக வராது அவள் வாயிலிருந்து. ஐந்தாறு வருடம் போனால் சுண்டெலி இதே ஆஸ்பத்திரிக்கு வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு வருவாள், அந்தக் கோட்டு அழுக்காகி இங்கேதான் வந்து விழும், நான் அதைத் துவைத்துக் கொடுப்பேன். நினைக்க நினைக்க எனக்கு அழுகையாக வந்தது.

என் மகளுக்கு வேறொரு கல்லூரியில் ரத்தப் பரிசோதனைப் படிப்புக்கு இடம் வந்திருந்தது. வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் வீட்டுப் பெரியவர் ஒருவரோடு நேரில் போய் உறுதி செய்ய வேண்டும். தவறினால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

"அதெல்லாம் வேண்டாம்" என்றேன்.

"எனக்குப் பிடிச்சிருக்கும்மா."

"என்னடி பிடிச்சிருக்கு? சுண்டெலி டாக்டரா உக்காந்து எழுதிக் குடுப்பா, நீ ஊசியத் தூக்கிட்டு ஓடுவியா? ஒரு வருஷம் போனா போகட்டும். நான் பாத்துக்கறேன்."

"அம்மா, வெள்ளிக்கிழமைதான் கடைசி."

"காது கேக்குது. போய் வேலையப் பாரு."

அவள் அப்பாவிடம் கேட்டுப் பார்த்தாள். அவர் தம்பி மகள் டாக்டராகிறாள் என்ற பூரிப்பில் இருந்தார். அந்த மனுஷன் எதற்குத்தான் உதவியிருக்கிறார்!

என் மனதில் ஒரு திட்டம் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டுக் கால்வாயைத் தாண்டி அந்தப் பழைய பள்ளிக்கூடத்துக்குப் போனேன். எந்த இடத்திலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினேனோ, அதே இடத்துக்கு நானே.

தலைமையாசிரியை என்னைவிட இளையவள். மேசைமேல் கால் உடைந்த நாற்காலி ஒன்றைக் கவிழ்த்துப்போட்டுத் தானே ஆணி அடித்துக்கொண்டிருந்தாள்.

"எம் பொண்ண இங்க சேத்துக்கணும் டீச்சர், கடைசி வகுப்ப மறுபடி படிக்கட்டும். ஒரே ஒரு வருஷம். எவ்வளவு கெஞ்சணுமோ கெஞ்சறேன்."

அவள் சுத்தியலைக் கீழே வைத்தாள்.

"இந்த ஸ்கூல்ல எடம் வேணும்னு இதுவரைக்கும் யாரும் கெஞ்சினதில்லம்மா. உக்காருங்க, தண்ணி குடிங்க."

குடித்தேன். சலுகையைப் பற்றிச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"ஒரு வருஷம் படிச்சா செல்லாதும்மா. மொத்தப் படிப்பும் இங்கயே இருக்கணும்."

"நீங்க மனசு வச்சா ஏதாவது வழி பண்ணலாம். அவ நல்லாப் படிப்பா. கெமிஸ்ட்ரிக்கு மட்டும் கொஞ்சம் நல்ல டீச்சராப் போடுங்க."

"கெமிஸ்ட்ரிக்கு டீச்சரே இல்லம்மா. ரெண்டு வருஷமா இல்ல. வருவாங்க, வருவாங்கன்னு சொல்லிட்டே இருக்காங்க."

"ஐயய்யோ! டீச்சரே இல்லாத ஸ்கூல்ல எம் பொண்ண எப்படிங்க விடறது?"

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது. அவளும் கேட்டாள். என் முகத்தையே பார்த்தாள், பிறகு மறுபடி சுத்தியலை எடுத்துக்கொண்டாள். நானும் எழுந்து வந்துவிட்டேன்.

வழியெல்லாம் சுண்டெலியை எண்ணிக்கொண்டு நடந்தேன். சொல்லிக்கொடுக்க ஆளில்லாத பாடத்தில் அந்தக் குட்டி எப்படித்தான் மார்க் வாங்கினாள்? என் மகளுக்குப் பள்ளியில் ஓர் ஆசிரியர், மாலையில் தனி வகுப்பு. அத்தனையும் கொட்டி எட்டே எட்டு மார்க்தான் அதிகம். அந்த நினைப்பு இனித்தது என்று சொல்ல மாட்டேன், கசந்தது. ரத்தப் பரிசோதனைப் படிப்புக்கு அன்றே கடைசி நாள் என்பது அப்போதுதான் மண்டையில் உறைத்தது. மணி ஐந்தாகிவிட்டிருந்தது.

வீட்டில் மகள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. "எங்கம்மா போன?" என்றும் கேட்கவில்லை. பொறாமை கண்ணை மறைக்க, என் பிள்ளையின் ஒரு வருடத்தை நானே கொளுத்திப் போட்டேனே! அதை அவளிடம் சொல்லாமல் போய் அடுப்பைப் பற்றவைத்தேன்.

மறுநாள் விரிப்பின் இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு சின்னவள் நின்றாள். வழக்கமாகப் பேசாதவள் அன்று பேசினாள்.

"நேத்து ஸ்கூலுக்குப் போனீங்களாமே. நீங்க போன பின்னாடியே சுண்டெலி டீ.சி. வாங்கப் போனப்ப டீச்சர் சொன்னாங்களாம்."

"ஆமா, போனேன். அதுக்கென்ன இப்ப?"

"அந்த எடம் வேணும்னா மாத்திக்கலாம்க்கா. எம் பொண்ணு சீட்ட நீங்க எடுத்துக்கோங்க. அந்த ஸ்கூலு, ஒழுகற கூரை, டீச்சரே வராத கிளாஸு, எல்லாத்தையும் சேத்து எடுத்துக்கோங்க. உங்க பொண்ணு படிச்ச ஸ்கூல எனக்குக் குடுங்க. நான் ரெடி."

அவள் குரல் உயரவேயில்லை.

"எல்லாம் போச்சுடி" என்றேன். என்னையும் மீறி அழுதுவிட்டேன். "அவளுக்கு வந்த எடமும் நேத்தோட போச்சு. நான்தான் கெடுத்தேன்."

சின்னவள் விரிப்பைத் தாழ்த்தினாள்.

"போகலக்கா."

"என்னது?"

"நேத்து நான் அரை நாள் லீவு. நானும் அவளும் போய் உறுதி பண்ணிட்டு வந்துட்டோம். இப்பச் சொல்ல வேணாம், உங்க கோவம் தணியட்டும்னு அவதான் சொன்னா."

முதலில் உயிர் திரும்பி வந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். அதற்கப்புறம்தான் அது மெல்ல உள்ளே இறங்கியது.

"உன்கிட்டயா வந்தா?"

"ஆமாக்கா."

"வந்து என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. மடியில படுத்து அழுதா. ரொம்ப நேரம்."

என் மகள் என் மடியில் படுத்து எத்தனை வருடமாயிற்று என்று எனக்கு ஞாபகம் வரவில்லை.

"என்கிட்ட அழலியேடி."

"அழ விட்டாத்தானேக்கா" என்றாள் சின்னவள். கோபமில்லாமல்தான் சொன்னாள்.

அந்த நேரத்தில் எனக்கு அவள்மேல் வந்த பொறாமை இருக்கிறதே, டாக்டர் சீட்டுக்காக இத்தனை நாள் பட்டதெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.