மருந்து நின்ற துணி

சுங்கச்சாவடியில் பணம் வாங்கும் கண்ணாடி அறைக்குக் கூண்டு என்று பெயர் வைத்தவர் யாரோ, அவர் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். உள்ளே ஒரு நாற்காலி, ஒரு கல்லாப்பெட்டி, சுற்றுவதாகப் பேர் பண்ணும் ஒரு மின்விசிறி. மாற்று ஆள் வந்து தட்டும்வரை கதவைத் திறக்கக் கூடாது. மூன்றாம் கூண்டுக்காரி அந்த நாற்காலியின் மேல் நடுவில் ஓட்டை போட்ட ஒரு மெத்தையைப் போட்டுத்தான் உட்காருவாள். அதைப் பார்த்துவிட்டுக் கூட வேலை செய்கிறவர்கள் அவளுக்கு மகாராணி என்று பட்டம் கட்டினார்கள். மூலமா என்று ஒருத்தி கேட்டதற்கு, ஆமாம் மூலம்தான் என்று சொல்லித் தொலைத்தாள். மூலம் என்றால் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

உண்மை வேறு. அவளுக்குப் பெண்குறியில் வலி. மிளகாய் அரைத்த கை பட்டது போல எரியும். உட்கார்ந்தால் எரிச்சல், கால்சட்டையின் தையல் உரசினால் எரிச்சல், கணவன் நெருங்கினாலோ உயிர் போய் உயிர் வரும். கல்யாணமான மறு வருஷம் ஆரம்பித்தது, இன்னும் விட்டபாடில்லை. கைவலி, கால்வலி என்றால் ஊரைக் கூட்டிச் சொல்லலாம். இதை எந்த வாயால் சொல்வது?

டாக்டர்களிடம் போகாமல் இல்லை. முதல் டாக்டர், கிருமித் தொற்று, களிம்பு போடுங்க, சுத்தமா வச்சுக்கங்க என்றார். தொற்று போனது, வலி போகவில்லை. அடுத்தவர் பார்த்துவிட்டு, ஒண்ணுமே இல்லையே என்று கையைக் கழுவிக்கொண்டார். மூன்றாவதாக ஓர் அம்மாள், ஒரு குழந்தை பெத்துக்கிட்டா தானா சரியாயிடும் என்றாள். தொடவே முடியாதவளுக்குக் குழந்தை என்ன வானத்திலிருந்தா விழும்?

மாடி வீட்டிலிருந்த நாத்தனார் யாரையும் பார்க்காமலே நோயைக் கண்டுபிடித்துவிட்டாள். அவளுக்கு உன்னைப் பிடிக்கலைடா, அதுக்கு வலின்னு ஒரு பேரு, காலம் போறதுக்குள்ள வேற வழி பாரு என்று தம்பியின் காதில் ஓதிக்கொண்டே இருந்தாள். தம்பி ஒருநாள், "வலிக்குதுன்னு சொன்னா வலிக்குதுக்கா. அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கி வந்தார். கதவுக்குப் பின்னால் நின்று கேட்ட அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் மகாராணி காலத்தை ஓட்டினாள்.

அவருக்கு ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை. அவர் கைபட்டால் துணி பளிச்சென்று வெளுக்கும். அதனால் அங்கே அவருக்கு வெள்ளைக்காரர் என்று பெயர். முதல் டாக்டர் சொன்ன சுத்தம் என்ற சொல்லை மனுஷர் அப்படியே பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து மனைவியின் உள்ளாடைகளை அவளையே தொட விடுவதில்லை. அறுவை சிகிச்சைத் துணிக்கு ஊற்றும் கிருமிநாசினியை மேலாளரிடம் சொல்லிவிட்டு ஒரு கேனில் கொண்டுவருவார். வாளியில் கலந்து ஊறவைத்து, தன் கையாலேயே கசக்குவார். சலவைக்கூடத்து இயந்திரம் அந்தத் துணியைத் திரும்பத் திரும்ப அலசித் தள்ளும். வீட்டில் அவர் ஒரே அலசல்தான் அலசுவார். மருந்து துணியிலேயே நின்றால்தானே கிருமி அண்டாது என்பது அவர் கணக்கு. எந்தப் புருஷன் இப்படிச் செய்வான் என்று அவளுக்கு உள்ளுக்குள் பெருமை தாங்காது.

இந்த வாரம்தான் நான்காவது டாக்டரைப் பார்த்தாள். அவர் கேள்வி மேல் கேள்வி கேட்டார். சர்க்கரை உண்டா, முதுகில் அடி பட்டதா, எவ்வளவு நேரம் உட்கார்கிறீர்கள், என்ன சோப்பு? பிறகு பஞ்சு சுற்றிய ஒரு சின்னக் குச்சியை எடுத்து, இங்கே வலிக்கிறதா, இங்கே, இங்கே என்று மெல்ல வைத்துக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் அவள் கட்டிலைவிட்டே எழும்பிவிட்டாள்.

"இதோ இருக்கு வலி. நீங்க கற்பனை பண்ணலம்மா."

அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். டாக்டர் அழவிட்டுக் காத்திருந்தார். இதற்கு ஒரே காரணம் என்று இருக்காது, நரம்பாக இருக்கலாம், வலிக்குப் பயந்து இறுகிப்போன தசையாக இருக்கலாம், தோலுக்கு ஒத்துக்கொள்ளாத ஏதாவது படுவதாகக்கூட இருக்கலாம், ஒவ்வொன்றாக விலக்கிப் பார்ப்போம் என்றார். உள்ளாடையை எதில் துவைக்கிறீர்கள் என்றும் கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, நான் எங்க டாக்டர் துவைக்கிறேன், எல்லாம் அவர்தான் என்று பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தாள். பாதியிலேயே அவள் குரல் இறங்கிவிட்டது. டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

முதலில் அந்தக் கிருமிநாசினியை நிறுத்துங்கள், வெறும் தண்ணீரில் நன்றாக அலசிப் போடுங்கள் என்றார். சுலபமாகச் சொல்லிவிட்டார். வீட்டில் போய் எப்படிச் சொல்வது? உலகத்தில் அவளை நம்பியது ஒரே ஒரு ஆள். அந்த ஆளிடம் போய், உங்க கைதான் என்னைச் சுட்டுதுன்னு சொல்ல முடியுமா? மனுஷர் உடைந்துபோவார். இல்லை, நன்றி கெட்டவளே என்று அக்கா பேச்சைக் கேட்டு மாடி ஏறிவிட்டால்? சொன்னால் அவர் போய்விடுவார், சொல்லாவிட்டால் வலி போகாது. கூண்டுக்காவது மாற்று ஆள் வந்து தட்டுவான்.

சரி, திருட்டுத்தனமாகச் செய்வோம் என்று துணிந்தாள். அவர் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, கொடியில் கிடந்ததை எடுத்து வெறும் தண்ணீரில் அலசினாள். அதற்கென்று இன்றைக்குப் பார்த்தா வெள்ளைக்காரர் சீக்கிரம் வர வேண்டும்? கதவோரம் வந்து நின்றவரின் முகம் வாளியைப் பார்த்துச் சுருங்கிவிட்டது.

"நான் தொட்டதுகூட உனக்குப் பிடிக்கலையா? அக்கா சொன்னது நிஜந்தானா?"

இதற்குமேல் மறைத்து என்ன ஆகப்போகிறது? ஈரக்கையோடு எழுந்து நின்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். பஞ்சுக் குச்சி, நரம்பு, தசை, கடைசியில் கேன். இருக்கலாம்னுதாங்க சொன்னாங்க, இதுதான்னு சொல்லல என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவர் வாளிக்குப் பக்கத்தில் அப்படியே குந்திவிட்டார். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தார். தோல் உரிந்து, விரல் இடுக்கெல்லாம் வெடித்துச் சிவந்திருந்தது. தினமும் சாப்பாடு போடும்போது அவள் பார்க்கிற கைதான். சலவைக்காரர் கை அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

"கை எரியும்போதெல்லாம் மருந்து நல்லா வேலை செய்யுதுன்னு நெனச்சேன். ஏன் அன்னிக்கே சொல்லல?"

"நீங்க ஒருத்தர்தாங்க என்னை நம்புனீங்க. உங்களையும் விட்டுட்டா நான் எங்க போவேன்?"

அவர் எழுந்தார். கேனைத் தூக்கி வெளியே வைத்தார். வாளியைக் கவிழ்த்துவிட்டுக் குழாயைத் திறந்து, துணியை அலசினார், பிழிந்தார், மறுபடி அலசினார். தண்ணீர் பட்டு அந்தக் கை எரிந்திருக்க வேண்டும்; பல்லைக் கடித்துக்கொண்டார். மாடியிலிருந்து அக்கா கூப்பிட்டது காதில் விழாதது போல் இருந்துவிட்டார்.

கடைசியில் துணியைப் பிழிந்து அவளிடம் நீட்டினார்.

"மோந்து பாரு. இன்னும் வாசனை இருக்கா?"

இருந்தது. இல்லைங்க, போயிடுச்சு என்று சொல்ல வாய் வந்தது. அவர் முகத்தைப் பார்த்தாள்.

"இருக்குங்க" என்றாள்.

அவர் துணியை வாங்கி வாளியில் போட்டு, குழாயை மறுபடி திறந்தார்.